நத்தாருக்கு முழு வான்கோழி, முதல் தடவை. போறணையில் வைக்கலாமா?

பரந்தன்பிள்ளை | மார்கழி 8, இரவு

எல்லோருக்கும் வணக்கம். இந்த நத்தாருக்கு ரொறன்ரோவில் இருந்து மாமா குடும்பம் வருகிறது. 11 வருடத்துக்குப் பிறகு வருகிறார்கள். எங்களோடு சேர்த்தால் 14 பேர்.

வீட்டில் இரண்டு வான்கோழி நிற்கின்றன. சேவலுக்கு ஒன்றரை வயது, 8 கிலோவுக்கு மேல் நிறை. பேட்டுக்கு 7 மாதம், 5 கிலோ 400. மச்சாளின் பிள்ளைகள் அங்கே முழுக் கோழியை மேசையில் வைத்து வெட்டிப் பழகியவர்கள். நாங்கள் வளர்த்ததை அப்படியே முழுசாக அவர்கள் முன்னால் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் இதுவரை வான்கோழியைக் கறியாகத்தான் சமைத்திருக்கிறேன்.

வீட்டில் கேஸ் அடுப்பும் விறகடுப்பும் உண்டு. கேக் போடும் சின்ன அவணுக்குள் இது போகாது. சந்தியில் இருக்கும் வெதுப்பகத்தில் விறகுப் போறணை இருக்கிறது. 25ஆம் திகதி காலை தரலாம் என்று அந்த அண்ணை சொல்கிறார். அவரும் பாண், பணிஸ் தவிர வேறெதையும் அதற்குள் வைத்ததில்லை.

எதை வைப்பது, எப்போது அடிப்பது, எவ்வளவு நேரம் விடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டிக்காரன் | மார்கழி 8, இரவு

தங்கச்சி, பேட்டை வையுங்கள். ஒன்றரை வயதுச் சேவலின் தொடை ஓடி ஓடி இறுகியிருக்கும். அதைத் தணலில் எவ்வளவு நேரம் வைத்தாலும் சவ்வு மாதிரி இழுபடும். குழம்பில் இரண்டு மணித்தியாலம் கிடந்தால்தான் இளகும். 7 மாதப் பேடு சரியான பருவம். 5 கிலோ 400 என்றால் மயிர் பிடுங்கிக் குடல் எடுத்த பிறகு 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். எலும்போடு ஆளுக்கு அரைக் கிலோ என்று வைத்தால் 8 பேருக்குக் காணும். மிச்சப் பேருக்குச் சேவலை முதல்நாளே கறியாக்கி வைத்துவிடுங்கள். பெரிசு என்பதற்காகச் சேவலைப் போறணைக்குள் தள்ள வேண்டாம்.

அடிப்பது 23ஆம் திகதி காலை. 25 விடிய அடித்து மத்தியானம் மேசையில் வைக்கிற யோசனை இருந்தால் இப்போதே விடுங்கள். அடித்த சில மணித்தியாலத்தில் தசை விறைத்துப்போகும். அந்த விறைப்பு இளகக் குறைந்தது ஒரு நாள் குளிரில் கிடக்க வேண்டும். முதல்நாள் பின்னேரத்தில் இருந்து தீன் போடாமல் தண்ணீர் மட்டும் வையுங்கள். தீன்பை வெறுமையாக இருந்தால் துப்புரவாக்குவது லேசு.

மயிர் பிடுங்கத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். தோல் வெந்து, பிடுங்கும்போது பிய்ந்து வரும். கறிக்கு என்றால் பரவாயில்லை, முழுசாக வைக்கத் தோல் முழுசாக இருக்க வேண்டும். கொதித்த தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் சரிபாதி கலந்தால் 60, 65 பாகை வரும். அதற்குள் ஒரு நிமிடம் முக்கி ஆட்டுங்கள். செட்டை மயிர் ஒன்றை இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் போதும்.

இன்னொன்று, இதைப் பலர் செய்வதில்லை. வான்கோழியின் கால் தசைக்குள் நரம்புகள் ஈர்க்கு மாதிரி விறைப்பாக இருக்கும். பாதத்தை வெட்டி எறிய முன்னம், மூட்டுக்குக் கீழே தோலை மட்டும் சுற்றிக் கீறி, எலும்பை முறித்துவிட்டு, பாதத்தை நிலைக்கம்பில் அடித்த ஆணியில் கொளுவி உடம்பைப் பிடித்து இழுங்கள். வெள்ளை நரம்புகள் பாதத்தோடு சேர்ந்து கழன்று வரும். பலம் வேண்டும், வீட்டில் உள்ள ஆம்பிளைப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். பிறகு வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியையும் வெட்டி எறியுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாடை அடிக்கும்.

கரைவலை | மார்கழி 9, காலை

23 அடித்து 25 சமைப்பது என்றால் இரண்டு இரவு எங்கே வைப்பீர்கள்? வீட்டுப் பிரிட்ஜில் இடம் இருக்குமா? கறன்ட் வேறு மார்கழி மழையில் போய்ப் போய் வரும்.

நாங்கள் முல்லைத்தீவில் மீன் வைக்கிற மாதிரி வையுங்கள். ஒரு பெரிய றெஜிபோம் பெட்டி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. நொறுக்கின ஐஸ் ஒரு படை, அதற்கு மேல் தடித்த பொலித்தீன் பையில் கட்டிய கோழி, சுற்றிவர ஐஸ், மேலேயும் ஐஸ். காலையும் மாலையும் திறந்து பார்த்துக் குறைந்த இடத்தை நிரப்புங்கள். தண்ணீருக்குள் மிதக்க விடக்கூடாது. ஐஸ் உருகித் தண்ணீர் தேங்கினால்தான் மீனும் பழுதாகும், இறைச்சியும் பழுதாகும்.

முள்ளியவளை_அம்மம்மா | மார்கழி 9, மத்தியானம்

மகள், மஞ்சளும் தேசிக்காயும் போட்டு இரண்டு மூன்று தண்ணீரில் கழுவ மறக்காதே. வான்கோழிக்கு ஒரு மணம் இருக்கு. இறைச்சி கழுவாமல் சமைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

ஸ்காபரோ_மல்லாவி | மார்கழி 9, இரவு

மல்லாவியில் பிறந்து இங்கே 20 வருடமாக ஒவ்வொரு நன்றி தெரிவிக்கும் நாளுக்கும் வான்கோழி வைக்கிறேன். (கனடாவில் அது ஐப்பசி மாதம், இரண்டாவது திங்கள்.) நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மம்மாவுக்கு. ஊரில் அடித்த கோழியில் இரத்தமும் மயிரும் ஒட்டியிருக்கும், கழுவத்தான் வேண்டும். ஆனால் அதை அடித்த இடத்திலேயே, வெளியில், வாளித் தண்ணீரில் முடித்துவிடுங்கள். குசினிக்குள் கொண்டுவந்த பிறகு பைப்பைத் திறந்து கழுவினால், தெறிக்கிற தண்ணீரோடு கிருமி பக்கத்தில் இருக்கும் சலாட்டிலும் கோப்பையிலும் போய் இருக்கும். சல்மனெல்லா, கம்பைலோபக்டர் என்று இரண்டு, இரண்டுமே வயிற்றைக் கிழிக்கிற சாமான். கழுவுகிறதால் அவை சாகாது, சூட்டில்தான் சாகும். தேசிப்புளியை மணத்துக்காகப் பிறகு பூசலாம். இன்னொன்று, தோல் ஈரமாக இருந்தால் பொரியாது, அவியும். துணியால் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள்.

அடுத்தது உப்பு. கிலோவுக்கு 10 கிராம் தூள் உப்பு என்று கணக்கு வையுங்கள். உங்கள் பேட்டுக்கு 40 கிராம், இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூட. 24ஆம் திகதி காலை உள்ளும் புறமும் தடவி மறுபடி ஐஸுக்குள் வைத்துவிடுங்கள். முதலில் தண்ணீர் விடும், பிறகு அந்தத் தண்ணீரையே இறைச்சி இழுத்துக்கொள்ளும். நெஞ்சுப் பகுதி வறண்டு போகாமல் இருப்பதற்கு நான் கண்ட வழிகளில் இதற்கு மேல் ஒன்றில்லை.

இப்போது முக்கியமான விசயம். வான்கோழி ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு இறைச்சி இருக்கிறது. நெஞ்சு வெள்ளை இறைச்சி, 74 பாகையில் வெந்துவிடும், அதைத் தாண்டிப் போகப் போகப் பஞ்சாகும். தொடை கறுப்பு இறைச்சி, அதுவும் 74 பாகையில் சாப்பிடப் பயமில்லை, ஆனால் 80 தாண்டினால்தான் பல்லுக்கு இளகும். ஒரே கோழியில் இந்த இரண்டையும் சரிக்கட்டுவதுதான் முழு வேலையும். நேரக் கணக்கு உங்களைக் காப்பாற்றாது. 163 பாகை அவணில் 4 கிலோக் கோழிக்கு, உள்ளே ஒன்றும் அடைக்காவிட்டால், கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணித்தியாலம் என்பார்கள். உங்கள் போறணையின் சூடு யாருக்குத் தெரியும்?

ஆகவே இறைச்சிக்குள் குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்று வேண்டும். மாமாவிடம் சொல்லுங்கள், இங்கே சின்னக் காசுக்கு வாங்கலாம். நெஞ்சின் தடித்த இடத்தில் குத்துங்கள், தொடையின் உள்பக்கத்தில் எலும்பில் முட்டாமல் குத்துங்கள். இரண்டிலும் 74 காட்டும் வரை வெளியே எடுக்க வேண்டாம். நிறத்தை நம்பாதீர்கள். எலும்புக்குப் பக்கத்தில் வெந்த இறைச்சியும் சிவப்பாகத் தெரியும், வேகாத இறைச்சி வெளியே பொன்னாகத் தெரியும். என் முதல் வான்கோழி நல்ல பொன்னிறம். மேசையில் வைத்துத் தொடையை விரித்தபோது மூட்டில் இரத்தம். மாமியார் முன்னால் அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். அன்றைக்குச் சாப்பாடு இரவு 9 மணிக்கு.

பரந்தன்பிள்ளை | மார்கழி 10, காலை

அண்ணை, கோடி நன்றி. மாமாவுக்குச் சொல்லியாயிற்று. ஒருவேளை அவர் மறந்துவிட்டால், காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியால் சமாளிக்கலாமா?

ஸ்காபரோ_மல்லாவி | மார்கழி 10, மாலை

வேண்டாம் தங்கச்சி. அது 42 பாகைக்கு மேல் காட்டாது. கண்ணாடி என்றால் சூட்டில் வெடித்து உள்ளே இருக்கிறது இறைச்சியில் கொட்டிவிடும்.

மாங்குளம்_வெதுப்பகம் | மார்கழி 10, இரவு

போறணைக்காரன் நான் சொல்கிறேன். எங்கள் தகப்பன் காலத்தில் இருந்து பாண் போடுகிறோம். வான்கோழி வைத்ததில்லை, ஆனால் நத்தாருக்குப் பன்றித் தொடை, பெருநாளுக்கு ஆட்டுத் தொடை எல்லாம் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

போறணை அவண் மாதிரி இல்லை. அவண் போட்ட சூட்டில் நிற்கும். போறணையில் விறகை எரித்து, கல்லு சூடேறின பிறகு தணலை இழுத்துவிட்டு, கல்லு பிடித்து வைத்த சூட்டில்தான் பாண் வேகும். அந்தச் சூடு இறங்கிக்கொண்டே போகும். இதுதான் உங்களுக்கு வசதி. 24 இரவு அந்த அண்ணைக்கு நல்ல வியாபாரம் இருக்கும், விடிய விடியப் பாண் போடுவார். கடைசித் தட்டு வெளியே வந்த உடனே கோழியை வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் தோல் அரை மணித்தியாலத்தில் கருகும், உள்ளே பச்சையாகக் கிடக்கும். கதவைச் சாத்திக் கல்லை ஆற விடுங்கள். பிறகு ஒரு பிடி மா எடுத்துக் கல்லில் தூவிப் பாருங்கள். போட்டதும் கறுத்துப் புகைந்தால் இன்னும் பொறுங்கள். மெல்ல மெல்லப் பழுப்பாகி வாசம் வந்தால் வைக்கலாம்.

வைக்கும்போது காலும் தொடையும் உள்பக்கம், நெஞ்சு கதவுப் பக்கம். போறணையின் கோடியில் சூடு கூட, கதவடியில் குறைவு. ஸ்காபரோ அண்ணை சொன்ன இரண்டு இறைச்சிக் கதைக்கு இது பொருந்தி வரும் என்று நினைக்கிறேன்.

சூடு ஒரேயடியாக இறங்கிப்போனால் ஒரு ஓரத்தில் கொஞ்சம் பாலை விறகுத் தணல் போடச் சொல்லுங்கள். காய்ந்த விறகு முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மார்கழியில் விறகுகாலை முழுக்க நனைந்து கிடக்கும், நனைந்த விறகின் புகை கோழியில் ஏறினால் கசக்கும்.

ஸ்காபரோ_மல்லாவி | மார்கழி 11, காலை

காலும் தொடையும் உள்பக்கம் வைக்கிற யோசனை எனக்கு 20 வருடத்தில் தோன்றவில்லை. அருமை அண்ணை.

செட்டிகுளம் | மார்கழி 11, மாலை

இடையில் புகுந்து ஒரு கேள்வி. நான் கொழும்பில் ஐஸில் இறுகின வான்கோழி வாங்கி வந்திருக்கிறேன், 5 கிலோ. அதற்கும் இதே முறைதானா?

ஸ்காபரோ_மல்லாவி | மார்கழி 11, இரவு

ஐஸ் இளகுவதற்கே இரண்டு, இரண்டரை நாள் வேண்டும். பிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு தட்டத்துக்குள் வைத்து, 2 கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்குப் பண்ணுங்கள். அவசரமென்றால் உறையோடு குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள், 5 கிலோவுக்கு ஐந்தரை மணித்தியாலம் பிடிக்கும். மேசையில் வெறுமனே வைத்து இளக விடாதீர்கள், எங்கள் வெக்கையில் வெளிப்பக்கம் பழுதாகும்போது உள்பக்கம் கல்லாகவே இருக்கும். வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கத்திலும் கையை விட்டுப் பாருங்கள், ஈரலும் கழுத்தும் ஒரு பையில் கட்டி வைத்திருப்பார்கள். உறையில் உப்புத் தண்ணீர் ஏற்றியது என்று எழுதியிருந்தால் நீங்கள் உப்புத் தடவ வேண்டாம்.

கனகராயன் | மார்கழி 12

மன்னிக்க வேண்டும், எனக்கு இந்த வேலை விளங்கவில்லை. 14 பேர் வருகிறார்கள், அதில் பாதிப் பேர் வருடக்கணக்காக ஊர்க் கறிக்கு ஏங்கி வருகிறவர்கள். கனடாவில் கிடைக்கிற சாப்பாட்டையே இங்கேயும் வைப்பதா? இரண்டையும் உறைப்பாகக் கறி வைத்து, குத்தரிசிச் சோற்றோடு கொடுங்கள்.

பரந்தன்பிள்ளை | மார்கழி 12, இரவு

அண்ணை, சேவல் கறிதான், அது முடிவு. பேட்டை முழுசாக வைக்க நினைப்பதற்குக் காரணம் மாமி. 2009க்கு முதல், இடம்பெயர முன்னம், மாமி ஒவ்வொரு நத்தாருக்கும் இதே போறணைக்கு எங்கள் வீட்டுக் கேக்கைத் தலையில் வைத்துக்கொண்டு போவா. அப்போது நான் சின்னப் பிள்ளை, பின்னால் ஓடுவேன். போறணை உடைந்து, பிறகு அதே இடத்தில் திருப்பிக் கட்டியது. அந்தக் கதவு திறந்து ஒரு தட்டு வெளியே வருவதை மாமி பார்க்க வேண்டும். அதற்குத்தான்.

இன்னும் இரண்டு கேள்வி. மிளகாய்த்தூள், கறித்தூள் பூசலாமா? வயிற்றுக்குள் சோறு அடைக்கலாமா?

கனகராயன் | மார்கழி 12, இரவு

சரி தங்கச்சி. அப்படியென்றால் வையுங்கள். விறகு வேண்டுமென்றால் என்னிடம் கூரைக்குக் கீழே அடுக்கின காய்ந்த பாலை இருக்கிறது.

ஸ்காபரோ_மல்லாவி | மார்கழி 13

தூளைத் தோலுக்கு மேலே பூசினால் வரட்டுச் சூட்டில் கருகிக் கசக்கும். தோலுக்குக் கீழே வையுங்கள். கழுத்துப் பக்கம் தோலைத் தூக்கி இரண்டு விரலை உள்ளே விட்டு, மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போங்கள். மெல்லிய சவ்வு ஒன்று பிரிந்து கொடுக்கும். நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரத்தைக் கழற்றுங்கள். நெஞ்சு முழுவதும் பிரிந்ததும் பட்டரில் அரைத்த உள்ளி, இஞ்சி, மிளகு, கொஞ்சம் செத்தல் மிளகாய்த்தூள் குழைத்து உள்ளே வைத்து, வெளியில் இருந்து தோலைத் தடவித் தடவிப் பரப்புங்கள். தோலுக்கு மேலே வெறும் பட்டர் போதும். பட்டரில் உப்பிருந்தால் தடவும் உப்பைக் கொஞ்சம் குறையுங்கள்.

வயிற்றுக்குள் சோறோ பாணோ அடைக்க வேண்டாம். அடைத்ததும் 74 பாகைக்கு வர வேண்டும், அது வருவதற்குள் நெஞ்சு காய்ந்துவிடும். இரண்டு தேசிக்காயை வெட்டி, ரம்பை, கறிவேப்பிலை, ஒரு துண்டு கறுவாவோடு போட்டுவிடுங்கள், மணம் வரும். சோற்றை வேறாகச் சமையுங்கள்.

வெளியே எடுத்ததும் வெட்டக்கூடாது. அரை மணித்தியாலம் சும்மா விடுங்கள். உடனே வெட்டினால் சாறு பலகையில் ஓடிவிடும்.

பரந்தன்பிள்ளை | மார்கழி 27

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகத் துடித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் ஆட்கள், நேரம் கிடைக்கவில்லை.

நரம்பு இழுக்கத் தம்பியும் சித்தப்பாவும் சேர்ந்து நின்றார்கள். முதல் காலில் பாதி அறுந்து உள்ளேயே நின்றுவிட்டது, இரண்டாவது கால் சுத்தமாக வந்தது. துப்புரவாக்கின நிறை 4 கிலோ 150. ஐஸ் பெட்டி இரண்டு இரவும் குளிராகவே நின்றது, கறன்ட் 24 இரவு மூன்று மணித்தியாலம் போனது.

நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து படுக்கவில்லை. 25 காலை 6 மணிக்கு வெதுப்பகத்தில் கடைசிப் பாண் வந்தது. மாத் தூவினோம், உடனே கறுத்தது. 7 மணிக்கும் கறுத்தது. எட்டே காலுக்குத்தான் பழுப்பாக வந்தது. வெங்காயமும் கரட்டும் பரப்பின தட்டில், கால் உள்பக்கமாக, எட்டரைக்கு வைத்தோம். தட்டில் இரண்டு கோப்பை தண்ணீர்.

பத்தே காலுக்குக் கதவைத் திறந்தபோது தோல் நல்ல கடும் பழுப்பு. வெதுப்பக அண்ணை "முடிஞ்சுது, எடுப்பம்" என்றார். எனக்கும் எடுக்கத்தான் மனம். வெப்பமானியைக் குத்தினால் நெஞ்சு 59, தொடை 64. ஸ்காபரோ அண்ணையின் மாமியாரை நினைத்துக்கொண்டேன். நெஞ்சுக்கு அலுமினியத் தாள் மூடி, கனகராயன் அண்ணை தந்த பாலை விறகில் ஒரு சட்டித் தணல் கோடியில் போட்டு, திரும்பச் சாத்தினோம். பதினொன்றரைக்கு நெஞ்சு 75, தொடை 83.

மாமி போறணை வாசலில் வாங்கில் இருந்தா. தட்டு வெளியே வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை, சீலைத் தலைப்பால் தட்டின் ஓரத்தைப் பிடித்து வாங்கினா. வீடு வரைக்கும் அவதான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தா.

பிள்ளைகள் நெஞ்சைச் சாப்பிட்டார்கள், பெரியவர்கள் எல்லோரும் சேவல் கறிக்குப் போனார்கள். நெஞ்சு வறளவில்லை. அறுந்த நரம்பு இருந்த கால் மட்டும் கொஞ்சம் கரைச்சல். தட்டில் நின்ற சாறு உப்பாக இருந்தது, அவித்த உருளைக்கிழங்கை மசித்து அதில் போட்டுச் சரிப்படுத்தினேன்.

முள்ளியவளை_அம்மம்மா | மார்கழி 27

மணம் இருந்ததா மகள்?

பரந்தன்பிள்ளை | மார்கழி 27

இல்லை அம்மம்மா. வெளியில் அடித்த இடத்தில் மஞ்சள் போட்டு ஒரு தரம் கழுவினேன். குசினிக்குள் கழுவவில்லை.

கரைவலை | மார்கழி 27, இரவு

மிச்சத்தை எவ்வளவு நேரம் வெளியில் விட்டீர்கள்?

பரந்தன்பிள்ளை | மார்கழி 27, இரவு

சாப்பிட்டு முடிந்த உடனே எலும்பில் இருந்து இறைச்சியைக் கழற்றிச் சின்னச் சின்னப் பெட்டிகளில் பிரிட்ஜில் வைத்துவிட்டேன், ஒரு மணித்தியாலம்கூட வெளியில் இருக்கவில்லை. எலும்பையும் கழுத்தையும் மிளகு போட்டுக் காய்ச்சி இரவு சூப். அடுத்த நாள் இறைச்சியை ஆவி பறக்கச் சூடாக்கிக் கொத்து ரொட்டி போட்டேன். பிள்ளைகள் வான்கோழியைவிட அந்தக் கொத்தைத்தான் திரும்பக் கேட்கிறார்கள்.

செட்டிகுளம் | மார்கழி 28

என்னுடையது இன்னும் ஐஸில்தான் கிடக்கிறது, நத்தாருக்கு முடியவில்லை. புதுவருடத்துக்கு வைக்கப் போகிறேன். வவுனியாவில் வெப்பமானி தேடினேன், காய்ச்சல் பார்ப்பதுதான் கிடைக்கிறது.

பரந்தன்பிள்ளை | மார்கழி 28

அக்கா, என்னுடையது இப்போது சும்மாதான் இருக்கிறது. நாளைக் காலை யாழ்ப்பாணம் வவுனியா பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். கோழியை இன்றைக்குப் பின்னேரமோ நாளைக்கோ பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள், 31 காலை உள்ளே கையை விட்டுப் பாருங்கள், ஐஸ் தட்டுப்பட்டால் தண்ணீரில் போடுங்கள்.